சொல் ஒன்று, பொருள் ஒன்று

அணி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகந்தான் வருகிறது. செய்யுளை நெட்டுருச் செய்து, "இதில் அமைந்துள்ள அணி யாது?" என்ற வினாவுக்கு உவமை என்றோ உருவகம் என்றோ விடை எழுதி, இரண்டு மதிப்பெண் பெற்றுக்கொண்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடத்தக்க விஷயம் அது என்பது பொது அபிப்பிராயம். அணி கவிகளுக்கு உரியது. நாம் பேசுவது வெறும் பேச்சு என்று படித்தவர்களும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மளிகைக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும். "பருப்பு விலை ஏறிவிட்டது" என்கிறார் கடைக்காரர். விலைக்கு ஏணி ஏது, கால் ஏது? "வியாபாரம் படுத்துவிட்டது" என்கிறார். "சரக்கெல்லாம் தேங்கிக் கிடக்கிறது" என்கிறார். படுப்பது மனிதன், தேங்குவது நீர். "கடன் கழுத்தை நெரிக்கிறது" என்று அவர் பெருமூச்சு விடும்போது, அவருடைய கழுத்தை யாரும் தொடவில்லை. பக்கத்தில் நிற்கும் அம்மாள், "அந்தப் பிள்ளைக்குக் கை நீளம்" என்று யாரையோ பற்றிச் சொல்கிறாள். முழக்கோல் கொண்டு அளந்து பார்க்க யாரும் போவதில்லை. கடைக்காரரும் அம்மாளும் தண்டியலங்காரம் படித்தவர்களல்லர். ஆயினும் ஒரு வாக்கியத்துக்கு ஓர் அணி வீதம் சரளமாக வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜ் லேக்காஃப் என்ற மொழியியல் அறிஞரும் மார்க் ஜான்சன் என்ற தத்துவ அறிஞரும் சேர்ந்து 1980-ல் வெளியிட்ட ஒரு நூல் இந்த உண்மையைத்தான் விரிவாக எடுத்துக் காட்டியது. உருவகம் பேச்சின் மேல் பூசப்பட்ட வர்ணமன்று. மனிதன் சிந்திப்பதே பெரும்பாலும் உருவகத்தின் வழியாகத்தான் என்பது அவர்கள் கொள்கை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றாக வைத்துப் பார்த்தால் அல்லாமல் நம்மால் கோபத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச முடிவதில்லை.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு பாஷை பேசுகிறவர்கள் கண்ட காட்சியை வேறொரு பாஷை பேசுகிறவர்கள் கண்டிராவிட்டால், மொழிபெயர்ப்பவன் என்ன செய்வது? இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழும் இங்கிலீஷும் கற்பித்து வரும் நமக்கு, அன்றாடம் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் எதிர்ப்படும் கேள்வி இது. இதன் எல்லை பள்ளிக்கூடத்துச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. நியாய ஸ்தலத்திலும் ஆஸ்பத்திரியிலும் ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் பேச்சிலும் இதைப் பொறுத்து மனிதர்களின் கதி மாறுகிறது.

முன்னோர் வைத்த அளவுகோல்

இந்த விஷயத்தில் நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று தனி இயலே இருக்கிறது. ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு நான்கு அடிப்படைகளை அது வகுக்கிறது: தொழில், பயன், வடிவு, நிறம். வீரன் புலியைப் போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை தொழிலில். வள்ளல் மழையைப் போலக் கொடுத்தான் என்றால் ஒப்புமை பயனில். இடை உடுக்கையைப் போன்றது என்றால் வடிவில். இதழ் பவளத்தைப் போன்றது என்றால் நிறத்தில்.

சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பாகுபாடு மொழிபெயர்ப்பவனுக்கு மிகவும் உபயோகமானது. வீரனைப் புலி என்றால் அவனுக்கு வால் உண்டு என்பதும், உடம்பில் கோடு உண்டு என்பதும் பொருளாகா. புலியின் நூறு குணங்களில் எந்த ஒன்று இங்கே பேசப்படுகிறது என்று கண்டுபிடிப்பதே அணியைப் புரிந்துகொள்வது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் பெயர்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி என்ற புலவர் வடமொழியில் காவ்யாதர்சம் என்ற அணி நூலை இயற்றினார். அந்த நூல் செய்த யாத்திரை ஆச்சரியமானது. 9-ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் தோன்றிய கவிராஜமார்க்கம் அதைத் தழுவியது. சிங்களத்திலும் அதைத் தழுவி நூல் எழுந்தது. சோழர் காலத்தில் தமிழில் தண்டியலங்காரமாக அது உருவெடுத்தது. 13-ஆம் நூற்றாண்டில் இமயத்தைத் தாண்டித் திபெத்திய பாஷையிலும் புகுந்தது. தமிழில் அதைச் செய்தவர் இலக்கணத்தைக் கொண்டுவந்தார். உதாரணங்களையோ தமிழிலேயே அமைத்துக்கொண்டார். சோழன் அநபாயனின் புகழ் அந்த உதாரணங்களில் இடம்பெறுகிறது. விதி பிரயாணம் செய்யும். காட்சி அந்தந்த மண்ணில் முளைக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

வெயில் நாடும் பனி நாடும்

காட்சி மண்ணில் முளைக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி வெப்பமும் குளிர்ச்சியும். இங்கிலாந்து குளிர் நாடு. வருஷத்தில் பாதி நாள் அடுப்பின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருப்பவனுக்குச் சூடு என்பதே சுகம். ஆகவே இங்கிலீஷில் அன்பு சூடானது, வரவேற்பு சூடானது, நல்லவனுடைய இருதயமும் சூடானது. அன்பில்லாதவன் குளிர்ந்தவன். நமக்கோ சித்திரை வெயில் தலைமேல் நிற்கிறது. நம் பாஷையில் மனம் குளிர்கிறது. கண் குளிரப் பார்க்கிறோம். வயிறு குளிர வாழ்த்துகிறோம். அன்புள்ளவன் நெஞ்சில் ஈரம் உண்டு என்கிறோம். அன்பில்லாதவன் நெஞ்சு வறண்டு போயிருக்கிறது. விளக்கை அணைக்கச் சொல்லும்போதுகூட அமங்கலமாகப் பேச மனமில்லாமல், "விளக்கைக் குளிர வை" என்கிறாள் பாட்டி.

இதை அறியாமல் ஒரு மாணவன், "மந்திரிக்கு ஊர் மக்கள் சூடான வரவேற்பு அளித்தார்கள்" என்று எழுதினால், மந்திரியின்மீது கல் வீசினார்களோ என்றுதான் நமக்குத் தோன்றும். மற்றொருவன் நிராகரிப்பைச் சொல்லும் இங்கிலீஷ் தொடரைக் "குளிர்ந்த வரவேற்பு" என்று பெயர்த்தால், பானகமும் சந்தனமும் கொடுத்தார்களாக்கும் என்று நினைத்துக்கொள்வோம். அகராதிப்படி இருவரும் எழுதியது சரியே. பொருளோ தலைகீழாகிவிட்டது.

இதே இக்கட்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர்களுக்கும் நேர்ந்தது. மூலத்தில் பாவம் நீங்கிய தூய்மைக்கு, வானிலிருந்து விழும் வெண்பனி உவமையாக வருகிறது. தமிழனுக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளி. அதற்கு நிறமே இல்லை. வெண்மைக்கு அதை எப்படி உவமை சொல்வது? தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வரும் பழைய தமிழ் விவிலியத்தில் அவ்விடங்களில் "உறைந்த மழை" என்று காண்கிறோம். கண்டிராத பொருளைக் கண்ட இரண்டு பொருள்களால் கட்டி எழுப்பிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். அதே இடத்தில் மூலத்தில் உள்ள ஆட்டு ரோமம் தமிழில் பஞ்சாக மாறியிருக்கிறது. செம்மறியின் கம்பளத்தை அதிகம் காணாதவனும் வெடித்த பருத்தியைக் கண்டிருக்கிறான். பனியை விளக்கிச் சொன்னவர்கள் ரோமத்தை மாற்றிச் சொன்னார்கள். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு உபாயங்கள்!

யூஜின் நைடா என்ற அமெரிக்க அறிஞர் 1964-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலில் இந்தப் பனி உவமையையே எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார். பனியை அறியாத மக்கள், மிகுந்த வெண்மையைக் கொக்கின் இறகால் குறிப்பது வழக்கமானால், கொக்கின் இறகு என்றே பெயர்க்கலாம் என்பது அவர் கட்சி. மூலத்தைக் கேட்டவனுக்கு எந்த உணர்ச்சி உண்டாயிற்றோ, அதே உணர்ச்சி பெயர்ப்பைக் கேட்பவனுக்கும் உண்டாக வேண்டும் என்கிறார். இதை மறுப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் நம் ஊர்ச் சரக்காகவே மாற்றிவிட்டால், வேற்று நாட்டு நூலைப் படிப்பதன் பயன்தான் என்ன? பிறர் எதைக் கண்டு எதை நினைத்தார்கள் என்று அறிவதற்குத்தானே படிக்கிறோம்?

மூன்று வழிகள்

இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. உண்மையில் மொழிபெயர்ப்பவன் முன் மூன்று வழிகள் உண்டு. அணியை அப்படியே கொண்டுவரலாம். அதற்கு ஈடான நம்முடைய அணியை வைக்கலாம். இரண்டும் பொருந்தாவிடில் அணியை விட்டுப் பொருளை மட்டும் சொல்லலாம். எந்த இடத்தில் எந்த வழி என்பதில்தான் விவேகம் வேண்டும்.

அப்படியே கொண்டுவந்து வெற்றி பெற்றதற்கு "இரும்புத் திரை" நல்ல உதாரணம். 1946-ஆம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி, அமெரிக்காவில் ஃபுல்டன் என்ற ஊரில் நிகழ்த்திய பிரசங்கத்தில் சர்ச்சில் இந்தத் தொடரை உலகப் பிரசித்தமாக்கினார். ஐரோப்பிய நாடகக் கொட்டகைகளில், மேடையில் தீப்பிடித்தால் சபையோரைக் காப்பதற்காக இறக்கப்படும் இரும்புத் திரை ஒன்று உண்டு. அதிலிருந்து பிறந்தது இந்தத் தொடர். நம் ஊர்க் கூத்துக் கொட்டகையில் அப்படிப்பட்ட திரையை யாரும் கண்டதில்லை. ஆனாலும் பாதகமில்லை. திரை மறைக்கும், இரும்பு அசையாது என்ற இரண்டும் நமக்குத் தெரியும். ஆகையால் சொல் வந்தவுடன் பொருளும் கூடவே வந்துவிட்டது.

"வெள்ளை யானை"யின் கதி வேறு. சயாம் தேசத்து அரசர்கள், தாம் கெடுக்க நினைத்த பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார்களாம்; புனிதமான பிராணியானதால் வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது; தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாவாராம். இந்தக் கதையை வைத்து, செலவு வைத்துப் பயன் தராத பொருளை இங்கிலீஷில் வெள்ளை யானை என்கிறார்கள். இதைத் தமிழில் அப்படியே வைத்தால் நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வெள்ளை யானை என்றால் இந்திரனுடைய ஐராவதமல்லவா? மேலும் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. "யானையைக் கட்டித் தீனி போட்டாற்போல்" என்று நம்மிடமே ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. இங்கே இரண்டாம் வழியே சிறந்தது.

சில இடங்களில் இரண்டும் அருகருகே வாழ்கின்றன. முதலை தன் இரையைத் தின்னும்போது அழும் என்று ஐரோப்பாவில் பழைய நாளில் நம்பினார்கள். "முதலைக் கண்ணீர்" என்று நாம் வழங்கும் தொடர் இங்கிலீஷ் தொடரோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. ஆனால் நம் நாட்டில் நீலி என்று ஒருத்தி இருக்கிறாள். பழையனூரில் வணிகனைப் பழிவாங்க, அவன் மனைவியைப் போல் வேஷம் பூண்டு வந்து, அழுது, ஊராரை நம்பவைத்தவள் அவள். வணிகனுக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர் தீயில் இறங்கி வாக்கைக் காத்தார்கள் என்பது கதை. "நீலிக் கண்ணீர்" என்னும்போது போலி அழுகை மாத்திரம் தெரியவில்லை. அதை நம்பியவர்கள் கொடுத்த விலையும் தெரிகிறது. எந்த முதலையாலும் இவ்வளவு சொல்ல முடியாது. நம் வீட்டுப் பிள்ளைகள் முதலையை அறிந்து நீலியை அறியாமலிருந்தால், அது முதலையின் குற்றமன்று.

ராஜ்யங்கள் தடுக்கி விழுந்த இடங்கள்

இதெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 1945-ஆம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி, ஜப்பான் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்று நேச நாடுகள் பாட்ஸ்டாமிலிருந்து அறிக்கை விடுத்தன. 28-ந் தேதி பத்திரிகை நிருபர்களைச் சந்தித்த ஜப்பானியப் பிரதம மந்திரி கண்டாரோ ஸுஸுகி, அந்த அறிக்கையைப் பற்றி "மொகுஸாட்ஸு" என்ற சொல்லை உபயோகித்தார். அந்தச் சொல்லே ஓர் உருவகம். "மொகு" என்பது மௌனம்; "ஸாட்ஸு" என்பது கொல்லுதல். மௌனத்தால் கொல்லுதல் என்பது சொற்பொருள். இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் அதைக் கொள்ளலாம். மதிப்புக் கொடாமல் ஒதுக்கித் தள்ளுகிறோம் என்றும் கொள்ளலாம். அயல்நாடுகளில் அது அலட்சியம் என்றும் நிராகரிப்பு என்றும் பிரசுரமாயிற்று. ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது.

ஒரு சொல்லைப் பெயர்த்த விதத்தினால்தான் குண்டு விழுந்தது என்று சொல்வது மிகையாகும். ஜப்பானிய மந்திரி சபை அப்போது சரணடையத் தீர்மானித்திருக்கவில்லை என்பதையும், குண்டு வீசும் ஏற்பாடுகள் முன்பே நடந்துகொண்டிருந்தன என்பதையும் சரித்திரக்காரர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனாலும் லட்சக்கணக்கான உயிர்கள் தராசில் இருக்கும்போது, இரு பொருள்படும் உருவகம் ஒன்றைப் பேசியவரும், அதில் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் நமக்குப் பெரிய பாடம் கற்பிக்கிறார்கள்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி மாஸ்கோவில் ஒரு விருந்தில் ருஷ்யத் தலைவர் குருஷ்சேவ், மேல்நாட்டுத் தூதர்களைப் பார்த்து, "உங்களைப் புதைப்போம்" என்று பொருள்படப் பேசினார். துபாஷி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். தூதர்கள் சிலர் எழுந்து போய்விட்டார்கள். அணுகுண்டு வைத்திருக்கும் ராஜ்யத்தின் தலைவர் புதைப்போம் என்றால் யாருக்குத்தான் கதிகலங்காது? ருஷ்ய வழக்கிலோ அது, "நீங்கள் போன பிறகும் நாங்கள் இருப்போம், உங்கள் சவ அடக்கத்துக்கு வந்து நிற்போம்" என்ற தொனியும் உடையது. 1963-ல் குருஷ்சேவே, தாம் மண்வெட்டியால் புதைப்பதைச் சொல்லவில்லையென்றும், முதலாளித்துவத்தை அந்தந்த நாட்டுத் தொழிலாளரே புதைப்பார்கள் என்றும் விளக்கம் தந்தார்.

நம் தேசத்தின் சரித்திரத்திலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாயில் மகாத்மா காந்தி தேசத்துக்குக் கொடுத்த மந்திரம், ஹிந்துஸ்தானியில் "கரேங்கே யா மரேங்கே". "செய்வோம், அல்லது மடிவோம்" என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் அது பெரும்பாலும் "செய் அல்லது செத்து மடி" என்று வழங்கலாயிற்று. இது சொல்லுக்கு வலுவான பெயர்ப்புத்தான், முழக்கமிடவும் ஏற்றது. ஆனால் ஒன்று மாறிவிட்டதைக் கவனியுங்கள். மூலத்தில் சொல்பவரும் கேட்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மடிவதானால் சேர்ந்தே மடிவோம் என்கிறார் தலைவர். தமிழ்ப் பெயர்ப்பில் ஒருவர் கட்டளையிட, மற்றவர் கேட்டுக்கொள்கிறார். தன்மைப் பன்மை போய் முன்னிலை ஏவல் வந்தது, இலக்கணத்தில் சிறு மாற்றம். அந்த மகானின் போராட்ட முறையை அறிந்தவர்களுக்கு அது சிறு மாற்றமாகத் தோன்றாது.

ஏழையின் வாக்குமூலம்

பெரிய மனிதர்களின் பேச்சாவது பிறகு திருத்தம் பெறுகிறது. திருத்தம் பெற வழியில்லாதவன் சாமானியன். ஒரு குத்தகை விவசாயி கோர்ட்டில் சாட்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். "நம்பினேன், கழுத்தை அறுத்துவிட்டார். என் வயிற்றில் அடித்தார். என் குடும்பத்தின் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்" என்று அவர் கதறுகிறார். அவர் சொல்வது என்ன? நம்பிக்கை மோசம் போயிற்று, பிழைப்புப் போயிற்று, குடும்பம் கெட்டது. மேனியில் ஒரு கீறலும் இல்லை. இதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் பெயர்த்து, தமிழறியாத ஒருவர் கையில் கொடுத்தால், குத்தகை வழக்கு கொலை முயற்சி வழக்காகத் தோன்றும். கழுத்தில் காயம் இல்லை என்று டாக்டர் சான்று கொடுத்துவிட்டால், சாட்சி பொய்யர் என்றும் முடிவு கட்டிவிடலாம்.

இது வீண் கற்பனையன்று. அரசியலமைப்பின் 348-ஆம் ஷரத்துப்படி, பார்லிமெண்டு வேறு ஏற்பாடு செய்யாத வரையில், ஹைகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் இங்கிலீஷே பாஷை. கீழ்க் கோர்ட்டில் தமிழில் சொன்ன சொல் மேலே போகும்போது இங்கிலீஷ் உடை உடுத்தியே ஆக வேண்டும். அந்த உடையைத் தைக்கிறவர் அணி அறிந்தவராயிருக்க வேண்டாமா?

இதற்கு நேர்மாறான அபாயமும் உண்டு. அதுவே அதிகக் கொடியது. குறும்பு செய்யும் பிள்ளையைப் பார்த்துத் தாய், "தோலை உரித்துவிடுவேன்" என்கிறாள். அது அன்பின் ஒரு பாஷை. ஆனால் கணவனிடம் அடிபட்டுத் தாய்வீடு வந்த பெண், "அவர் என்னைக் கொன்றே போடுவார்" என்று சொல்லும்போது, "எல்லாரும் பேசுகிற பேச்சுத்தானே!" என்று ஒதுக்கிவிடுவது எத்தனை பேரின் வழக்கம்! அவள் சொன்னது அணியன்று, நேர்ப்பொருள். அணியை நேர்ப்பொருளாகக் கொள்பவன் பிறர் நகைக்க இடமாகிறான். நேர்ப்பொருளை அணியாகக் கொள்பவன் சில சமயம் ஓர் உயிருக்கே பொறுப்பாளியாகிறான்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். வேறு மாநிலத்திலிருந்து வந்து பணிபுரியும் இளம் டாக்டரிடம் நம் கிராமத்துத் தாய், "குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது" என்கிறாள். "வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள்" என்றும் சொல்வதுண்டு. கொப்புளத்தை முத்து என்கிறாள். இதை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் டாக்டர் என்ன நினைப்பார்? நன்னூல் இத்தகைய வழக்கை மங்கலம் என்று பெயரிட்டு வகுத்திருக்கிறது. பயங்கரமானதை அன்பான பெயரால் அழைத்து அதன் சீற்றத்தைத் தணிக்கப் பார்ப்பது மனித இயல்பு. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. அந்தப் பெயர் மட்டும் மற்ற அம்மைகளின்மேல் நின்றுவிட்டது. அதேபோல், "உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது" என்பவரை யாரும் அடிக்கவில்லை. "நெஞ்சு எரிகிறது" என்பவருக்குப் பெரும்பாலும் தொல்லை இரைப்பையின் புளிப்பில் இருக்கிறது. இங்கிலீஷ்காரரும் இந்த உபாதையை இருதயத்தின் பெயராலேயே வழங்குகிறார்கள் என்பது வேடிக்கை. ஆனால் "நெஞ்சை அடைக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது துக்கத்தைக் குறிக்கும் வழக்கு என்று அலட்சியமாயிருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மூன்று கேள்விகள்

மாணவர்களுக்கு நாம் கற்பிக்கும் முறையை இங்கே சொல்லிவைப்பது பெற்றோருக்கும் உபயோகமாகலாம். ஒரு தொடரைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: இது நேர்ப்பொருளா, அணியா? யார் சொன்னது, யாரிடம், எந்தச் சமயத்தில் என்று பார்த்தாலொழிய விடை கிடைக்காது.

இரண்டாவது: அணியானால், இரண்டு பொருள்களுக்கும் பொதுவானது எது? தொழிலா, பயனா, வடிவா, நிறமா? விடையை ஒரு வாக்கியத்தில் எளிய தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது: இதே காட்சியை மற்றப் பாஷைக்காரன் முன் வைத்தால் அவன் என்ன காண்பான்? நாம் கண்டதையே காண்பானாகில், அப்படியே வைக்கலாம். வேறொன்றைக் காண்பானாகில், அவன் பாஷையில் உள்ள ஈடான காட்சியைத் தேட வேண்டும். ஒன்றுமே காணமாட்டானாகில், உறைந்த மழையைப் போல் விளக்கிச் சொல்ல வேண்டும். அல்லது பொருளை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும்.

"போய் வருகிறேன்" என்ற நம் விடைமொழியை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தால் இந்த மூன்றாவது கேள்வியின் அருமை விளங்கும். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அயல்நாட்டு விருந்தாளி நாம் திரும்பி வருவோம் என்று வாசலிலேயே காத்துக்கொண்டிருப்பான்.

இந்நாளில் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியே நொடியில் மொழிபெயர்த்துவிடுகிறதே, இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்கலாம். பலரும் வழங்கும் தொடர்களை அந்த யந்திரங்கள் பெரும்பாலும் சரியாகவே பெயர்க்கின்றன. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் கேள்விக்கு விடை சொல்லில் மட்டும் இருப்பதில்லை. சொன்னவள் முகத்திலும் குரலிலும், அவளுக்கு நேற்று நேர்ந்ததிலும் அது இருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டவரே அதைக் கவனிக்காவிட்டால், எழுத்தை மட்டும் பார்க்கும் யந்திரம் என்ன செய்யும்?

வீட்டில் செய்ய வேண்டியது

அணிகளைப் புரிந்துகொள்ளும் சக்தி பள்ளிக்கூடத்தில் முளைப்பதன்று, வீட்டில் முளைப்பது. இங்கிலீஷ் போதனாமொழியாக உள்ள பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம், "நீ பாஸ் செய்தது என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது" என்று பாட்டி சொன்னால், அவர்களிற் பலர் திகைக்கிறார்கள். பாட்டியின் மகிழ்ச்சி பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. தகப்பனார் நடுவில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. ஒரே கூரையின் கீழ் துபாஷி வைத்துக்கொள்ளும் நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டால், அந்தப் பிள்ளை நாளை வக்கீலாகவோ டாக்டராகவோ உட்கார்ந்து எந்த ஏழையின் வார்த்தையை விளங்கிக்கொள்ளப் போகிறது?

அதற்குப் பரிகாரம் எளிது. செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுப் பெரியவர்கள் அன்று சொன்ன தொடர்களில் ஒன்றைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அதன் பொருளையும், அது எந்தக் காட்சியிலிருந்து பிறந்தது என்பதையும் பெரியவர்களிடமே கேட்டு எழுதட்டும். பிறகு அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எல்லோருமாக முயன்று பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒன்று வீதம் எழுதினாலும் ஒரு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் தொடர்கள் சேர்ந்துவிடும். அவற்றிற் பல, சொன்னவர்கள் இல்லாமற்போன பிறகு வேறெங்கும் கேட்கக் கிடைக்காதவை. ஆகையால் இந்த வேலையைப் பெரிய பரீட்சை முடியட்டும் என்று ஒத்திப்போடாமல், இன்றிரவே தொடங்குவது நல்லது.